படியில் நின்றவனுக்கு நஷ்டஈடு உண்டா?

கேள்வி, 3 அக்டோபர் 2024
"அண்ணே, எங்க மச்சான் போன வாரம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல இருந்து விழுந்துட்டார். இடது கால்ல முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சிருக்காங்க. படியில நின்னுக்கிட்டுதான் வந்தாராம், அதை அவரே சொல்றார். 'தப்பு உங்க ஆள் மேல, ரயில்வே ஒத்த ரூபா தராது, அலையாதீங்க'ன்னு பக்கத்து பெட்காரர் சொல்றார். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரும் அதையேதான் சொன்னார். நிஜமா?"

3 அக்டோபர் 2024, இரவு

நிஜமில்லை. பக்கத்து பெட்காரரை விடுங்கள், அவருக்கு அவர் வலி. அந்த வக்கீல் வீட்டு வழக்கு, நில வழக்கு பார்ப்பவராக இருப்பார். அங்கே யார் மேல் தப்பு என்பதுதான் முதல் கேள்வி.

இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 124-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பயணிகள் ரயிலிலிருந்து ஒரு பயணி தவறி விழுந்தால், ரயில்வே மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டஈடு தரவேண்டும் என்கிறது. விலக்கு ஐந்துதான். தற்கொலை அல்லது அதற்கான முயற்சி. தனக்குத் தானே செய்துகொண்ட காயம். சொந்தக் குற்றச் செயல். குடிபோதையிலோ புத்தி பேதலித்த நிலையிலோ செய்த காரியம். இயற்கையான காரணம் அல்லது நோய். 'கவனக்குறைவு' இந்த ஐந்தில் இல்லை. வேண்டுமானால் திரும்ப எண்ணிப் பாருங்கள்.

நானும் விழுந்தவன்தான். 2015 பிப்ரவரி, காலை நேரக் கூட்டம், தள்ளுமுள்ளு. இடது கையில் இரண்டு விரல் போச்சு, காலில் ஒரு எலும்பு. மூன்றரை வருஷம் இழுத்தது, கிடைத்தது. மிச்சம் நாளைக்கு.

4 அக்டோபர், காலை

ராத்திரி சட்டம் பேசிவிட்டேன். இன்றைக்கு அதைவிட அவசரமான விஷயம்.

மச்சான் விழுந்த அன்று ஸ்டேஷன் மாஸ்டர் ரயில்வே போலீசுக்கு ஒரு மெமோ கொடுத்திருப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். "ரயிலிலிருந்து விழுந்து" என்று இருந்தால் நிம்மதி. "தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு" என்று இருந்தால் அவர் சட்டத்தின் கண்ணில் பயணியே இல்லை, அத்துமீறி நுழைந்தவர். அதற்கு 147-ஆம் பிரிவில் தனிக் குற்றமே இருக்கிறது. ஒரே ஆள், ஒரே கால். எழுதுகிறவர் எந்த வினைச்சொல்லைப் போடுகிறார் என்பதில் கேஸ் மொத்தமும் இருக்கிறது.

என் மெமோவில் "கடக்கும்போது" என்றுதான் இருந்தது. எழுதியவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கிடந்தேன் என்று யாரோ ஓடிப்போய்ச் சொன்னதை வைத்து எழுதியது. அந்த ஒரு வார்த்தையை மாற்ற எனக்கு இரண்டு சாட்சி வேண்டியிருந்தது. பூ விற்கும் அம்மா ஒருவர், தினம் கூட வருகிற ஒருவர். பூக்கார அம்மா அன்றைய யாவாரத்தை விட்டுவிட்டு வந்து சொன்னார்.

4 அக்டோபர், ஐந்து நிமிஷம் கழித்து

எழுத மறந்தது: ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் நஷ்டஈட்டு மனு போட ஒரு வருஷம்தான் கெடு. விழுந்த நாளிலிருந்து. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

6 அக்டோபர்

"எட்டு லட்சம் கிடைக்குமா அண்ணே?"

கிடைக்காது தம்பி. எட்டு லட்சம் உயிர் போனதற்கு. இரண்டு கையோ, இரண்டு கண்ணோ போனாலும் அதே எட்டு லட்சம். மற்றதெல்லாம் அட்டவணைப்படி. 1990-இல் விதிகள் போட்டார்கள், அதன் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி உடம்பை உறுப்பு உறுப்பாக எழுதி எதிரே தொகை. தோள்பட்டைக்குக் கீழே எத்தனை அங்குலத்தில் கை வெட்டுப்பட்டது என்பதற்கெல்லாம் தனித்தனி ரேட். 2017 ஜனவரி 1 முதல் எல்லாம் இரண்டு மடங்கு ஆனது. அதற்கு முன்னால் உயிருக்கே நாலு லட்சம்தான்.

மச்சானுக்கு: ஒரு காலில் பெரிய எலும்பு முறிவு, 80,000. பிளேட் வைத்த ஆஸ்பத்திரி பில் அதைத் தாண்டியிருக்கும் என்று தெரியும். பில்லை நீட்டி முழுத் தொகையும் கேட்க இங்கே வழியில்லை. பட்டியலில் இல்லாத மற்ற காயங்கள், வலி வேதனை, இதற்கெல்லாம் தீர்ப்பாயம் பார்த்து ஒரு தொகை சேர்க்கலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு: 1,60,000.

எனக்கு இரண்டு விரல், ஒரு கால் எலும்பு. பழைய ரேட்டில் 80,000-மும் 40,000-மும். எனக்குச் சம்பளம் எவ்வளவு, என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நான் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டர். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம். அ, ஆ சுண்டுவிரலுக்கு. இ, ஈ மோதிரவிரலுக்கு. எனக்குப் போனது அந்த இரண்டும்தான். 'அம்மா' என்று அடிக்க நடுவிரலை இழுத்துக்கொண்டு போகவேண்டும். அட்டவணைக்கு விரல் விரல்தான், அது தவில்காரருக்குப் போனாலும் சரி, சும்மா இருப்பவருக்குப் போனாலும் சரி.

இந்த இழை முழுக்க எட்டு விரலில் அடித்தது. எழுத்துப்பிழை இருந்தால் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

7 அக்டோபர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: 2015-இல் அடிபட்டவருக்குப் பழைய ரேட்டா, புது ரேட்டா? நல்ல கேள்வி, என் கேஸே இதில்தான் நின்றது.

2018 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அடிபட்ட நாளின் ரேட்டை வட்டியோடு போட்டுப் பார், தீர்ப்பு வரும் நாளின் ரேட்டைப் பார், எது அதிகமோ அதைக் கொடு என்று. எனக்கு அதே வருஷம் ஆகஸ்டில் உத்தரவு. பழைய ரேட் 1,20,000. ஒன்பது சதவீதம் வட்டி, மூன்றரை வருஷம், 37,800. ஆக 1,57,800. புது ரேட் 2,40,000. புதுசு ஜெயித்தது. வழக்கு சீக்கிரம் முடியவில்லையே என்று மூன்று வருஷம் புலம்பியவன் நான். 2016-இல் முடிந்திருந்தால் பாதிதான் வந்திருக்கும். வாய்தா வாங்கியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டிய நிலைமை.

7 அக்டோபர், மாலை

மேலே "கொடு" என்று எழுதியதைப் படித்துவிட்டு, மொத்தமும் என் கைக்கு வந்தது என்று நினைக்கவேண்டாம். கேஸ் பிடித்துக்கொடுத்த ஆளுக்குப் பங்கு போச்சு. நூற்றுக்கு முப்பது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நின்றார், பழம் வாங்கிக்கொண்டு. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்வது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது. பழம் வாங்கி வருகிறவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

9 அக்டோபர்

டிக்கெட். இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

விழுகிறவன் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விழுவதில்லை. பை ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சட்டையைக் கிழிப்பார்கள். என் சீசன் டிக்கெட் டிபன் பையில் இருந்தது, பை போன இடம் இன்றுவரை தெரியாது. டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் பயணி இல்லை என்று சொல்லிவிட முடியாது, இதுவும் அதே 2018 தீர்ப்பில் இருக்கிறது. முதலில் நாம் பிரமாணப் பத்திரத்தில் விவரம் சொல்லவேண்டும்: எங்கே ஏறினேன், எங்கே போனேன், டிக்கெட் எப்படி எடுத்தேன். அதற்குப் பிறகு 'இல்லை' என்று காட்டவேண்டிய பாரம் ரயில்வே பக்கம் போய்விடும். 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் டிக்கெட் இல்லை என்று தள்ளியதை உச்ச நீதிமன்றம் திருப்பிப்போட்டு எட்டு லட்சம் கொடுக்கச் சொன்னது.

நான் கொடுத்தது: சீசனுக்கான போட்டோ அடையாள அட்டை (அது வீட்டில் இருந்தது), முந்தைய ஆறு மாதத்துப் பழைய சீசன்கள். குப்பை என்று என் சம்சாரம் தூக்கிப்போடப் போனதை நான் தடுத்து வைத்திருந்தேன். இன்றைக்கும் வீட்டில் எந்தச் சீட்டையும் தூக்கிப்போட என்னைக் கேட்கவேண்டும். அதனால் வரும் சண்டை வேறு.

12 அக்டோபர்

நேற்று ராத்திரி கவரைப்பேட்டை. மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியிருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை என்கிறார்கள், பலருக்குக் காயம். டிவியில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

இது 124-ஏ இல்லை, வெறும் 124. மோதல், தடம் புரளல், இப்படி ரயிலுக்கே நேரும் விபத்து. இங்கே அந்த ஐந்து விலக்குச் சண்டை கிடையாது. அட்டவணை மட்டும் அதேதான்.

ஒன்று சொல்லவேண்டும். நாளைக்கு யாராவது வந்து கையில் பணம் கொடுப்பார்கள். அது கருணைத் தொகை. 2023 செப்டம்பரில் அதை உயர்த்தினார்கள்: ரயில் விபத்தில் இறந்தால் 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், லேசான காயத்துக்கு 50,000. இதை வாங்கிக்கொண்டு 'ரயில்வே செட்டில் பண்ணிட்டாங்க' என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கருணைத் தொகை வேறு, நஷ்டஈடு வேறு. நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால்தான் உண்டு.

மூன்றாவதாக இன்னொன்று: ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது 45 காசுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்குமே, அது. உயிர் போனால் 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. மூன்றும் மூன்று பை. சீசன்காரனுக்கு அந்த மூன்றாவது பை கிடையாது.

13 அக்டோபர்

"அப்ப தொங்கிக்கிட்டுப் போறவனுக்கெல்லாம் நம்ம வரிப் பணமா?" என்று ஒருவர். கோபமாகத்தான் கேட்கிறார், ஆனால் கேள்வி சரிதான்.

2018 ஜூலை 24 பரங்கிமலை ஞாபகம் இருக்கிறதா? எலக்ட்ரிக் ட்ரெயினை வேறு பாதையில் விட்டார்கள். படியில் தொங்கியவர்கள் பிளாட்பார ஓரத்துக் கான்கிரீட் சுவரில் அடிபட்டார்கள். உயிர்கள் போயின. அன்றைக்கும் இதே பேச்சு. என் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால், டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'படியில் தொங்கினால் அப்படித்தான்' என்றவர் கையில் சீசன் இருந்தது. தினம் தொங்குகிறவர்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால்: படியில் பயணிப்பது 156-ஆம் பிரிவில் குற்றம், ஆனால் ஊழியர் எச்சரித்த பிறகும் இறங்க மறுத்தால்தான். 2010-இல் ஒரு வழக்கில் திறந்த கதவருகே நின்று விழுந்தவர் விஷயம் வந்தது. கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும் அது 'குற்றச் செயல்' ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 'தனக்குத் தானே செய்துகொண்டது' என்று சொல்லவும் எண்ணம் இருக்கவேண்டும். கை வழுக்குவதற்கு எண்ணம் எதற்கு?

சரி, சட்டம் போகட்டும். என் மனசு கேட்டால் எனக்கே நிச்சயமில்லை. உள்ளே இடம் இருந்தும் படியில் நிற்கிற பையனைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது.

20 அக்டோபர்

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

முதல் பதிவில் "கூட்டம், தள்ளுமுள்ளு" என்று எழுதினேன். அது நடந்ததில்லை. பிரமாணப் பத்திரத்தில் எழுதியது. ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்தது போல ஆகிவிட்டது.

நடந்தது இது. வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி சிக்னலுக்காக நின்றது. எதிரே கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கினேன். இரண்டு வடை, தினத்தாளில் சுற்றி, சூடு கை பொறுக்கவில்லை. சில்லறை வாங்கத் திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. ஓடினேன். வலது கையில் வடை. கம்பியை இடது கையால்தான் பிடித்தேன். வடையைப் போட்டுவிட்டு வலது கையால் பிடித்திருக்கலாம். போடத் தோன்றவில்லை. அவ்வளவுதான் கதை.

'இரண்டு வடைக்கு இரண்டு விரல்' என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

பழம் வாங்கி வந்தாரே, அவர்தான் 'வடை கிடையெல்லாம் வேண்டாம், கூட்டம் தள்ளிச்சுன்னு எழுதிக்குவோம்' என்றார். நானும் தலையாட்டினேன். வெட்கம்.

இதில் வேடிக்கை, இந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. ஓடும் ரயிலில் ஏறப்போய் விழுந்தாலும் அது தவறி விழுந்ததுதான் என்று 2008-இலேயே நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு இருக்கிறது. கேரளத்து வழக்கு. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே 2,40,000 வந்திருக்கும்.

அதோடு அந்தப் பொய் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. அடிபட்ட அன்று மயக்கத்தில் டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில், அவர் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ஓடும் ரயிலில் ஏறும்போது விழுந்ததாகச் சொல்கிறார். ரயில்வே தரப்பு வக்கீல் அதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, "தள்ளினார்களா, ஏறினீர்களா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "இடது கையால் ஏன் பிடித்தீர்கள், வலது கையில் என்ன?" என்று அடுத்த கேள்வி. "பை" என்றேன். அதுவும் பொய்.

உறுப்பினர்கள் இரண்டு பேர், ஒருவர் நீதித்துறை, ஒருவர் ரயில்வே அனுபவம் உள்ளவர். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். உத்தரவில் ஒரு வரி வந்தது. எப்படி விழுந்தார் என்பதில் முரண் இருந்தாலும், பயணி ரயிலிலிருந்து விழுந்தார் என்பதில் சந்தேகம் இல்லை என்று. அந்த ஏ.ஆர். காப்பிதான் மெமோவின் "கடக்கும்போது"வையும் முறித்தது. என் உண்மை என் பொய்யைக் காப்பாற்றிவிட்டது. இப்படி எல்லோருக்கும் நடக்காது.

21 அக்டோபர்

திட்டியவர்களுக்கு: சரி.

"வடை எந்தக் கடை?" என்று கேட்டவருக்கு: சொல்லமாட்டேன். நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், தின்னவில்லையே.

3 நவம்பர்

மச்சான் கேஸ் மெமோ நகல் கிடைத்ததாம். "ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து." நல்லது. ஏ.ஆர். காப்பியும் வாங்கிவிடுங்கள். அதில் மது வாசனை பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். எங்கே மனு போடுவது என்று கேட்டிருந்தீர்கள்: டிக்கெட் எடுத்த ஊர், போகவேண்டிய ஊர், விழுந்த இடம், குடியிருக்கிற ஊர், இதில் எது சென்னை அமர்வின் எல்லைக்குள் வந்தாலும் சென்னையிலேயே போடலாம்.

9 ஜூலை 2025

எட்டு மாதம் கழித்து இந்த இழையைத் திறக்கிறேன். நேற்று கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மேல் ரயில் மோதியது. பிள்ளைகள். ஒன்றும் எழுத வரவில்லை.

இங்கே ஒருவர் 124-ஏ வருமா என்று கேட்டிருக்கிறார். வராது. வேனில் இருந்த பிள்ளைகள் ரயில் பயணிகள் இல்லை. அவர்களுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அங்கே ரயில்வேயையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம், உச்ச நீதிமன்றம் ஏற்ற விஷயம்தான். ஆனால் அங்கே தப்பு யார் மேல் என்ற கேள்வி திரும்ப வந்துவிடும். கேட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, யார் சொன்னார்கள் என்று. அங்கே தொகைக்கு அட்டவணை இல்லை, வருமானம், வயது, எதிர்காலம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு குழந்தையின் எதிர்கால வருமானத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று ஒரு வக்கீல் வாதாடுவதை நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

12 செப்டம்பர் 2025

மச்சான் மனு போட்டாயிற்றா? எனக்குத் தெரிந்து இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வருஷம் முடிகிறது. பதில் போடுங்கள்.

16 செப்டம்பர் 2025

போட்டாயிற்றாம், நேற்று. பதிவு எண்ணும் விழுந்துவிட்டது. பிரமாணப் பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார்கள். வக்கீல் முதலில் "கூட்ட நெரிசலில்" என்று எழுதியிருந்திருக்கிறார். மச்சான் அதை அடித்துவிட்டு ஓரத்தில் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்: "உள்ளே இடம் இருந்தது. காற்றுக்காகப் படியில் நின்றேன்."